சின்ன வாளிச் சாம்பார்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருக்காரர்கள் செங்கம் ரோட்டில் அன்னதானப் பந்தல் போடுவார்கள். மலை சுற்ற வரும் கூட்டம் தொண்ணூறுகளில்தான் அப்படிப் பெருத்தது. பரிமாறுகிறவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு தடவை வேறொரு பந்தலில் சோறு ஊசிப்போய், சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அடுத்த மாதம் எங்கள் பந்தலிலும் யாரும் உட்காரவில்லை. அப்போது எங்கள் பந்தல் தலைவர் முதல் பந்தியில், நட்டநடுவில், தரையில் உட்கார்ந்து தனக்கு இலை போடச் சொன்னார். அவர் நாலு வாய் சாப்பிட்ட பிறகு கூட்டமும் நம்பி உட்கார்ந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது. "தலைவரே சாப்புடுறாரு, அப்புறம் இன்னா?" என்பார்கள்.

பிறகு அவருக்கு வயிற்றில் புண் வந்தது. காரமே கூடாது என்றார் டாக்டர். பந்தியில் உட்காராவிட்டால் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்பார்கள். அதுவும் கவுன்சிலர் தேர்தல் வரும் நேரம், அவர் அதில் நிற்பதாக இருந்தார். அவர் சம்சாரம் மிளகாய் போடாத சாம்பாரை ஒரு சின்ன வாளியில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"நீதான்க்கா ஊத்தணும். உனக்குத்தான் வாயே கிடையாதே."

நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு, அதனாலேயே கிடைத்த ஒரே பதவி அது.

இரண்டு மாதம் ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாவது மாதம், ஓட்டுப் போட நாலு நாள் இருக்கும்போது, கீழ்பென்னாத்தூர் கிழவி ஒருத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அவருக்கு மட்டும் அந்த வாளியா? எனக்கும் அதுலயே ஊத்து."

அவரை எதிர்த்து நின்றவரின் ஆள் ஒருவன் பின்னாலேயே இருந்தான். "கேளு ஆயா, நல்லா கேளு! தலைவருக்குத் தனிச் சாம்பாராம்பா!"

பந்தி முழுக்கத் திரும்பியது. தலைவர் என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. சின்ன வாளியை அப்படியே கிழவி இலையில் கவிழ்த்துவிட்டேன். அது காலியாகிவிட்டதால் அவருக்குப் பெரிய வாளியிலிருந்து ஊற்றினேன்.

கிழவி ஒரு வாய் வைத்தாள். "த்தூ! உப்பும் இல்ல, காரமும் இல்ல. கழனித்தண்ணியாட்டம் கீது. எங்களுக்கெல்லாம் நல்லதக் குடுத்துட்டு இவருக்கு இதையா ஊத்துறீங்க?"

தலைவர் குனிந்த தலை நிமிராமல் காரச் சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணும் மூக்கும் ஒழுகின.

"பாரு, கண்ணுல தண்ணி வுட்டுக்கினு துன்றாரு மனுசன். நல்ல சோறு துன்னு எத்தினி நாளாச்சோ!" என்றாள் கிழவி.

எதிராளியின் ஆள் எப்போது நழுவினான் என்று தெரியவில்லை. தலைவர் பிரமாதமாக ஜெயித்தார். அந்தச் செய்தியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

இனி என்னைப் பந்தலுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் இருந்தேன். அடுத்த பௌர்ணமிக்கு அவர் சம்சாரம் அதே வாளியோடு வந்தார். "இனிமே மறைச்சு ஊத்த வேணாங்க்கா."

ஆனால் முதல் பந்தி மொத்தமும் "எனக்குங் கொஞ்சம் தலைவர் சாம்பாரு" என்று கேட்டது. நாலைந்து மாதத்தில் பெரிய அண்டாவிலேயே மிளகாய் நின்றுபோனது. ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே பக்தியோடு சாப்பிட்டார்கள். தலைவரும் எல்லாருக்கும் ஊற்றும் வாளியிலிருந்தே சாப்பிட்டார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

சின்ன வாளி சமையல் செய்யும் பக்கம் போய்விட்டது. பரிமாறுகிற எங்களுக்கென்று அதில் காரச் சாம்பார் தனியாக இருக்கும்.