‘உள்ளேன் டீச்சர்’ வேண்டாம், ஒரு விடுகதை போதும்

“…படிக்கத்தானே டீச்சரே அனுப்புறோம்? ராத்திரியானா ‘அம்மா, புதுசா ஒரு விடுகதை சொல்லு’ன்னு உசிர எடுக்குறா. போதும். கைப்பிள்ளையப் பாக்க ஆளில்ல, இவள இண்ணையோட நிறுத்துறேன்.”

தொண்ணூறுகளின் கடைசியில், பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்று இப்படிப் பொரிந்தவர், கொழுந்து கிள்ளும் ஓர் அம்மா. இடுப்பில் குழந்தை, முதுகில் கூடை. நாலு வகுப்புக்கும் நான் ஒருத்திதான் டீச்சர்.

விடுகதை என் வேலைதான். மலைக்குளிரில் பிள்ளைகள் எழுந்து வரவே மாட்டார்கள். வந்தாலும் தூங்கி வழிவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த வாயைத் திறந்து பார்ப்போம் என்று ஒரு வழக்கம் வைத்தேன். பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லக் கூடாது, ஒரு விடுகதை சொல்லணும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொன்னால் செல்லாது. விடை கண்டவர் அதைப் போர்டில் எழுதணும். அவ்வளவுதான்! தன் விடுகதையை வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதென்று, நான் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள்.

மூன்றாம் வகுப்பில் இருந்த அவர் மகள் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு வாலு கத்தியது: “அத்தே, உள்ள வந்தா ஒரு விடுகதை சொல்லாம போகப்பிடாது!”

“ஓகோ, எனக்குமா?” முறைத்தவர், சிரித்துவிட்டார். “சரி, கேளு. பகல் பூரா கூடவே வருவா, கூலி கேக்க மாட்டா. மஞ்சு இறங்குனா ஆளையே காணோம். யாரு?”

“கங்காணி!”

“போடா, மஞ்சு இறங்குனாத்தான் வேலை வாங்க அவன் சத்தமே கூடும்.”

வகுப்பே உருண்டு சிரித்தது. வெளியே மலையை மூடியிருந்த பனிமஞ்சையே பார்த்துக்கொண்டிருந்த மகள் துள்ளி எழுந்தாள். “நெழலு!” ஓடிப்போய்ப் போர்டில் பெரிதாக ‘நிழல்’ என்று எழுதினாள். எழுத்தறியாத அந்த அம்மா கிட்டே வந்து பார்த்தார். “நான் கேட்டதுக்கா இது?”

“ஆமா, உங்க விடுகதைக்குத்தான்” என்றேன்.

சின்னப் பிள்ளைகளை வகுப்பில் பிடித்து வைக்க என்ன வழி என்று இளைய ஆசிரியைகள் இப்போதும் கேட்பார்கள். அவர்கள் வீட்டுப் பேச்சுக்கு வகுப்பில் ஓர் இடம் கொடுங்கள் என்பேன். ஆசிரியர் பயிற்சி எதுவும் பெறாத நான் இதைப் பெருமையோடு சொல்லக் காரணம், அந்த அம்மா அடுத்துச் செய்ததுதான்: கைப்பிள்ளையை மகளின் மடியில், அதே பெஞ்சிலேயே உட்கார வைத்தார். “அழுதா கீழ்ச்சரிவுக்கு ஆள் விடுங்க டீச்சரே” என்று கூடையைச் சரிசெய்துகொண்டு, தனியாகக் கொழுந்து கிள்ளப் போனார்.