நத்தைக்கு வேப்பிலை

என் நத்தைக்குப் புழு இருக்கிறது என்று தெரிந்த அந்தச் சனிக்கிழமை, கிள்ளான் வீட்டுக் கூடத்தில் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். பின்னே ஆடாமல்? மாட்டுக்கு வரும் ஒருவகைப் புழு, முதலில் குட்டை நத்தைக்குள் வளரும். பிறகு வெளியே நீந்தி வந்து மாட்டின் தோலுக்குள் புகுந்துவிடும். கோலாலம்பூரில் என் மேற்படிப்பே அந்தப் புழுவை நம்பித்தான். பூச்சோங், சுங்கை பூலோ என்று மாட்டுக் கொட்டகை ஓரக் குட்டைகளையெல்லாம் மாதக்கணக்கில் கலக்கி நத்தை பொறுக்கினேன். அத்தனையும் நோய்நொடி இல்லாத நத்தைகள், சனியன்கள்! திங்கட்கிழமைக்குள் ஒரு புழுவையாவது உயிரோடு காட்டு, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இப்போது ஜன்னலோரக் கண்ணாடிக் குவளையில், ஒரே ஒரு நத்தையைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் புழுக்கள் நீந்தின.

"மா, கிடைச்சிருச்சு! இந்த நத்தை உடம்பு பூரா புழு!"

அம்மாவின் முகம் வாடியது. "ஐயோ பாவம். சின்ன உசுரு. ரொம்பக் கஷ்டப்படுமா?"

"கஷ்டப்பட்டாப் படட்டும். எனக்கு அதான் வேணும்."

"என்னா பேச்சு இது? புரட்டாசி மாசம் லா!"

எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் கறி, மீன் கிடையாது. கரப்பான் பூச்சியைக்கூட அடிக்காமல் விளக்குமாற்றால் வாசல்வரை வழியனுப்பி வைப்போம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய், தோழியோடு வயிறு முட்டத் தோசை தின்றுவிட்டு மத்தியானம் திரும்பினேன். குவளைத் தண்ணீர் பச்சையாக இருந்தது. நத்தை ஓட்டுக்குள் சுருண்டு அசையாமல் கிடந்தது.

"மா!"

"வேப்பங்கொழுந்து அரைச்சு, கொஞ்சம் மஞ்சளும் கலந்து விட்டேன். சின்ன வயசுல வயித்துப் பூச்சிக்குப் பிள்ளைங்க உங்களுக்கெல்லாம் குடுப்பேனே, அதேதான். பூச்சியெல்லாம் செத்துரும், பாரு."

எனக்கு வந்த கோபத்தில் நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். என் படிப்பே போச்சு, உங்களை யார் வைத்தியம் பார்க்கச் சொன்னது என்று குதித்தேன்.

"பூச்சி போச்சேன்னு அழுவுற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றார் அம்மா. ஆனால் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் பயந்துவிட்டார். நான் கையுறை மாட்டி, நத்தையை அலசி, புதுத் தண்ணீரில் விட்டு வெயில் படும் இடத்தில் வைத்தேன். உள்ளே புழு மிச்சமிருந்தால் வெளிச்சம் பட்டதும் வெளியே வரும். அம்மா சாமி மேடைக்குப் போய்ச் சூடம் ஏற்றினார். காலையில் மருந்து வைத்துக் கொல்லப் பார்த்த அதே புழு பிழைக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெகுநேரம் இருவரும் குவளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நத்தை மெல்லத் தலையை நீட்டியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் பொடிப் பொடியாக ஏதோ அசைந்தது. புழு! நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா என் கையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ வேப்பிலைக்கு இது சாகலையா?"

"சாகலைமா!"

"அப்போ உங்களுக்கு நான் ஊத்துனதெல்லாம்? கதறக் கதற மூக்கைப் புடிச்சு ஊத்துனேனே, எல்லாம் சும்மாவா?"

நான் படித்த படிப்பில் அதற்கு ஒரு பதில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நத்தை குடிக்கலைமா. நீங்க தண்ணியிலதானே கலந்தீங்க."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதானே பார்த்தேன்! வாயில ஊத்தியிருக்கணும்" என்று ஸ்பூன் எடுக்க எழுந்தார். நான் குவளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.