சொம்பில் மிச்சமான தண்ணீர்

சித்தி கல்யாணமாகி எங்கள் காரைக்குடி வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய சீர்ச் சாமான்களை வளவு முற்றத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளியும் எவர்சில்வரும் வரிசைகட்டி நின்ற கடைசியில், பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு செடி. சென்னையில் அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் மேசைமேல் இருந்த பீஸ் லில்லி. வேலையை விட்டுவிட்டாள், செடியை விடவில்லை. இது காய்க்குமா என்று பெரியம்மா விசாரித்தாள். காய்க்காது என்றதும் அதன்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

எனக்குச் சித்தி என்றால் உயிர். எனக்கு மட்டுமா? அவள் ஒரு நிமிடம் தனியாக உட்கார்ந்தால் யாராவது பலகாரத் தட்டோடு போய் நிற்பார்கள், விசேஷம் உண்டா என்று கேட்பார்கள்.

வெயில் ஆகாத செடி என்று அதை வீட்டின் இரண்டாம் கட்டில், பகலிலும் அந்திபோல் இருக்கும் தூணோரம் வைத்தாள். தண்ணீர்ப் பானை இருந்ததும் அங்கேதான்.

ஒருமுறை பத்து நாள் சென்னைக்குப் போனவள், ஒன்பது வயதுக்காரியான என்னிடம் செடியை ஒப்படைத்தாள். விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் ஊற்றக் கூடாது. அவள் திரும்பி வருவாளா என்று அடுப்படியில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஏன் வரமாட்டாள் என்று புரியவில்லை. செடி நன்றாக இருந்தால் வந்துவிடுவாள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் தண்ணீரை வீணாக்க மாட்டார்கள். அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பில் மிச்சமிருப்பதை ஏதாவது ஒரு செடியில் ஊற்றிவிடுவார்கள். அந்த வாரம் பார்த்து முன்னோர்களுக்குப் படைப்பு. வந்திருந்த பங்காளிகள் அத்தனை பேரும் தொட்டியில் ஊற்றிப் புண்ணியம் தேடிக்கொண்டார்கள். ஐந்தாறு நாளில் இலைகள் துவண்டு தொங்கின.

"பாவம், தாகத்துல வாடுது. நீங்க யாரும் பாக்க மாட்டீகளா?" என்று பெரியம்மா ஒரு சொம்பு ஊற்றினாள்.

விரலை விட்டால் சேறு, இலையைப் பார்த்தால் தாகம். பயத்தில் நான் இலையைத்தான் நம்பினேன். யாருக்கும் தெரியாமல் இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினேன்.

சித்தி வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் தொட்டியைக் கவிழ்த்தாள். அழுகல் நாற்றம் அடித்தது. கறுத்த வேர்களைக் கத்தியால் நறுக்கியதில் மூன்று இலைதான் மிஞ்சியது. அழுதுகொண்டு நின்ற என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல கண்ணு. இதுக்குத் தாகமே இல்ல. எல்லாரும் பிரியமா ஊத்தி ஊத்தி, மூச்சு விட முடியாம போச்சு."

சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். செடிக்காக இவ்வளவு அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். அதற்குள் பெரியம்மா காப்பியோடு வந்து, இளைத்துப்போய்விட்டாயே என்று அங்கலாய்த்தாள். சித்தி மண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த மாதம் சித்தப்பாவும் அவளும் சென்னைக்கே குடிபோனார்கள். காரில் அவள் மடியில் தொட்டி, அதில் சுருண்ட புதுக் குருத்து ஒன்று. வழியில் குடிக்க வேண்டும் என்று பெரியம்மா இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரை ஜன்னல் வழியே திணித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தண்ணியே ஊத்த மாட்டேன் சித்தி, போகாதீக" என்று அழுதேன்.

செடியை வாடவிட்டதற்காகத்தான் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.