நாணிலேயே இருக்கட்டும்

அம்பை நாணில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு, நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு என்று என் அண்ணன் மூன்று நாளில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். காதில் நன்றாகவே விழுந்தது. கைக்குத்தான் போய்ச் சேரவில்லை.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். அண்ணனுக்கு ஆனைமலை பக்கத்தில் தென்னந்தோப்பு. போன மே மாதம் அவருக்கு வலது தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் ஆபரேஷன் செய்து, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டு அனுப்பினார்கள். அண்ணி, மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தார். பத்து நாள் நான் போய்ச் சோறாக்கிப் போடுகிறேன் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பதினாறு வருட வேலையில் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு எடுத்தது அதுதான் முதல் முறை.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே சமையல், பாத்திரம் எல்லாம் முடிந்துவிட்டது. ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். அண்ணியின் மளிகை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். தொழிற்சாலைக்கு நாலு தடவை போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்த பெண், "எல்லாம் ஓடிட்டுத்தானுங்க மேடம் இருக்குது, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டாள். கட்டிலில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்:

"அம்மணி, உன்னையப் பாத்துட்டே இருந்தா எனக்கு மூச்சு வாங்குது. வா, உனக்கொரு வேலை தாரேன்."

அந்த வேலை ஒரு மீன்.

தோப்பின் மேட்டில் அவருடைய பண்ணைக்குட்டை இருக்கிறது. மண்ணைத் தோண்டி, உள்ளே கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை. போர்வெல் தண்ணீரை அதில் நிரப்பி, அங்கிருந்து சொட்டுநீர்க் குழாயில் தென்னைக்கு விடுவார். அதில் கட்லாவும் ரோகுவும் வளர்க்க வாங்கிய குஞ்சுகளோடு ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்று எப்படியோ கலந்து வந்துவிட்டது. இரண்டு வருடத்தில் அது முழங்கை நீளம் வளர்ந்து மற்ற குஞ்சுகளையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. வலைக்கு அடியில் நழுவியது. இரண்டு தூண்டிலை அறுத்துக்கொண்டு போனது. கோடையில் குட்டையை வற்றவைத்துப் பிடிக்கவும் முடியாது.

அதனால் அண்ணன் வில் செய்தார். போனில் வீடியோ பார்த்து, மூங்கிலைச் சீவி, மூன்று வில்லை உடைத்து, நாலாவது நின்றது. அம்பின் முனை பொள்ளாச்சி வெல்டிங் பட்டறையில் அடித்தது. குத்தினால் திரும்பி வராதபடி இரண்டு பக்கமும் முள். அம்பின் வாலில் நைலான் கயிறு. நன்றாகப் பழகி, மீனுக்கு நாள் குறித்திருந்த சமயத்தில்தான் தோள் போய்விட்டது.

"கெளுத்தி காத்துக் குடிக்க மேல வரும். ஒரே நொடிதான். அப்ப அம்பைத் தேடிட்டு இருக்க முடியாது. அது நாணுலயே இருக்கோணும். ஆனா இழுக்கக் கூடாது. முனை கீழ பாத்திருக்கட்டும். நடு குட்டையில வந்தாத்தான் அடிக்கோணும். கரையோரமா வந்தா கம்முனு உட்டுரு. அங்க தண்ணி ஒரு அடிதான், ஷீட்டுல பாஞ்சிரும்."

சொன்னதெல்லாம் எளிதுதான். அம்பின் பள்ளத்தை நாணில் பொருத்தி, இடது ஆள்காட்டி விரலால் தண்டை அணைத்துக்கொண்டு, வலது கை மூன்று விரலை நாணில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அந்த 'சும்மா' வரவில்லை. ஐந்து நிமிடத்தில் முதுகு அரிக்கும். தென்னை மட்டை ஒன்று விழுந்தால் திரும்புவேன். தண்ணீரில் காற்று ஒரு சுருக்கம் போட்டாலும் கை தானாக நாணை இழுத்துவிடும். பிறகு அதைத் தளர்த்த மனம் வராது. தளர்த்தும் அந்த நொடியில் மீன் வந்துவிட்டால்? தோள் நடுங்கும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்பேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், "நாணுலயே இருக்கட்டும் அம்மணி" என்பார்.

"இருக்குதுங்ணா."

"எங்க இருக்குது? காது வரைக்கும் வந்திருச்சு."

இரண்டு நாளில் மீன் ஆறு தடவை மேலே வந்தது. ஆறு தடவையும் நான் கை சோர்ந்து இறக்கிய நேரம் பார்த்து வந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. கரண்ட் வந்துவிட்டது என்று அண்ணன் மோட்டார் போடப் போனார். நான் மட்டும் கரையில் இருந்தேன். வழக்கம்போல நாண் பாதி இழுபட்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் திடீரென்று அதிர்ந்தது. கீழே பார்த்தேன். என் காலுக்கு இரண்டு முழம் தள்ளி, கரையோரத்தில், அந்த மீசை முகம் தண்ணீரைப் பிளந்துகொண்டு வாயைத் திறந்தது.

நான் அம்பை விட்டேன் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. கை விட்டுவிட்டது. வாலை ஒரு அடி அடித்து மீன் போய்விட்டது. சரிவில் அம்பு செங்குத்தாக நின்றது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு அம்பு கையோடு வந்தது. அந்த இடத்திலிருந்து நாலைந்து குமிழி மேலே வந்தன. பிறகு ஒன்றும் இல்லை.

அண்ணன் வந்து, "என்ன, சத்தம் கேட்டுச்சு? பட்டுச்சா?" என்றார்.

"இல்லீங்ணா. தப்பிச்சிருச்சு."

அதுவும் பொய்யில்லை. மிச்சத்தை அடுத்த மூச்சில் சொல்லியிருக்கலாம். தொழிற்சாலையில் ஒரு தையல் தப்பினால் யார் மெஷினில் தப்பியது என்று நிற்கவைத்துக் கேட்கிறவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. போனில் வந்தது வீட்டுக்காரர். கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை தண்ணீர் ஒரு சாண் குறைந்திருந்தது. "வெயிலு" என்றார் அண்ணன். அன்று கூடுதலாக மோட்டார் ஓட்டி நிரப்பினார். அடுத்த காலையும் அதே அளவுக்கு இறங்கியது. "நண்டு எதோ ஓட்டை போட்டுருச்சாட்ட இருக்குது" என்றார். நான் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் தோப்பைப் பார்த்துக்கொண்டு வேகமாகக் கடந்தேன். வில்லைத் தொடவில்லை. கை வலி என்றேன்.

ஆறாம் நாள், தொழிற்சாலையில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. "போ கண்ணு, தோப்புல வேலை செய்யற அம்மா எனக்குச் சோறாக்கிக் குடுத்துரும்" என்று பஸ் ஸ்டாப் வரை வந்தார், ஒரு கையோடு என் பையையும் தூக்கிக்கொண்டு.

வேலைக்குத் திரும்பியும் நிலைகொள்ளவில்லை. லைனில் போகிற வருகிற பெண்களிடம் எல்லாம் கத்தினேன். சாயங்காலம் ஆனால் அண்ணன் போன். போரில் தண்ணீர் குறைந்து மோட்டார் காற்று வாங்குகிறது. கீழ்வரிசைத் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் போகவில்லை. சனிக்கிழமை வேறொன்று சொன்னார்.

"ஷீட்டு போட்டவனைப் புடிபுடின்னு புடிச்சுப்போட்டேன். மட்டமான ஷீட்டைப் போட்டு ஏமாத்தியிருக்கறான். கேரண்டின்னு சொன்னவன் நாளைக்கு வந்து பாக்கறேங்கறான். சரியா பதில் சொல்லலீன்னா மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைச்சுப் பூசிப்போடுவேன், ஆமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஏமாற்றியவர்களைக் கேட்கச் சொல்லி அங்கே மிளகாய் அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்தில் வெறும் பேச்சில்லை. அந்த மிளகாய் யாருக்குப் போய் எரியும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, மூன்று வருடம் முன்பு ஷீட் போட வந்தபோது நான் கொடுத்த மோரை மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்கக்கா" என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துப்போன அந்த மனுஷனின் முகம் கண்ணுக்குள் வந்தது.

ஞாயிறு விடிந்ததும் பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில் மாறிய பஸ் முழுக்கக் கோயிலுக்குப் போகிற கூட்டம். கம்பியைப் பிடித்தபடி, என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஷீட்காரர் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குட்டையின் எதிர்க்கரைச் சரிவில் இறங்கி நின்றார். அண்ணன் மேலே நின்றிருந்தார்.

"தண்ணி தெனமும் ஒரே மட்டத்துல வந்து நிக்குதுங்களா? அப்பன்னா ஓட்டை அந்த மட்டத்துலதானுங்க இருக்கும். தடவிப் பாத்தா தெரிஞ்சிரும்" என்று ஷீட்டில் உள்ளங்கையை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார். வெயிலில் அந்தக் கருப்பு ஷீட் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும்.

"மட்டமான சரக்கைப் போட்டா தடவிட்டேதான் இருக்கோணும்" என்றார் அண்ணன். அந்த மனிதர் அடுத்த அங்குலத்துக்குக் கையை நகர்த்தினார்.

வழியெல்லாம் கூட்டிவைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. பையைக் கீழே போட்டேன். இந்தப் பக்கக் கரைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அன்று நின்ற இடம் பார்த்து உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டேன். கிழிசல் விரலில் தட்டியது. என் கட்டைவிரல் நீளம் இருந்தது.

"அங்க இல்லீங்க. இங்க இருக்குது" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு அம்பு இங்க பாஞ்சிருச்சுங்ணா. நான்தான் சொல்லாம உட்டுப்போட்டேன். அவரு மேல தப்பு ஒண்ணுமில்லீங்க."

அண்ணன் முதலில் ஷீட்காரரிடம்தான் போனார். இடது கையை நீட்டி அவரை மேலே ஏற்றிவிட்டார். "தப்பாப் பேசிப்போட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர், "அட, இருக்கட்டுங்க. எங்க பொழப்புல இது சகஜந்தானுங்க" என்று பையிலிருந்து ஹீட்டரை எடுத்தார். தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, ஈரம் துடைத்து, ஒரு துண்டு ஷீட்டைச் சூடுபண்ணி ஒட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒட்டி முடித்து என்னிடம் வந்து, "ஏனுங்கக்கா, மோரு இருக்குதுங்களா?" என்றார். சொம்பு நிறையக் கரைத்துக் கொடுத்தேன்.

அவர் போன பிறகுதான் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"கை உட்டுப்போச்சு. சரி. யாருக்கும் நடக்கறதுதான். அதுக்கு எட்டு நாளு எதுக்கு அம்மணி?"

"திட்டுவீங்கன்னு" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை எந்தக் காலத்திலும் திட்டியதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கீழ்வரிசைக் கன்றுகளில் மூன்று காய்ந்துபோயின. நானே கேட்டபோது, "மழை வரட்டும், வேற வெச்சுக்கலாம்" என்றார்.

ஆகஸ்டில் தோள் சரியானதும் அந்தக் கெளுத்தியை அவரே அடித்தார். போட்டோ அனுப்பினார். தரையில் கிடந்தபோது அது நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அதைச் சாப்பிட யாருக்கும் மனம் வராமல் ஒரு தென்னையடியில் புதைத்துவிட்டாராம்.

மிச்சமிருந்த லீவை அந்த மாதக் கடைசியில் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அண்ணி மகளோடும் பேரனோடும் வந்திருந்தார். எனக்குச் சமையல் வேலையும் இல்லை. அண்ணன் நாற்காலியைத் தோப்பு நிழலில் போட்டு, "இதுல கம்முனு ஒக்காரு, அது போதும்" என்றார். உட்கார்ந்தேன். அரைமணி நேரம் இருந்திருப்பேன். பிறகு எழுந்து போய், சொட்டுநீர்க் குழாயின் ஃபில்டரைக் கழற்றி, பாசி போகக் கழுவ ஆரம்பித்தேன்.