ஒரு கையெழுத்துக்காக வல்லக்கோட்டையில் பன்னிரண்டு சுற்று

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு எப்படிப் போவது, எவ்வளவு நேரமாகும் என்று மாதம் நாலு பேராவது கேட்டு எழுதுகிறீர்கள். நான் முதல்முறை அங்கே போனது சாமி கும்பிட அல்ல, ஒரு கையெழுத்து வாங்க. 1979, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துத் திரும்பினேன். அந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அப்போது சென்னையில் ஒரு விளையாட்டுச் சங்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய் வந்த பழைய தடகள வீரர்களைப் பற்றி ஒரு மலர் வெளியிட ஏற்பாடு. அதில் ஒருவர் சேரப்பணஞ்சேரி ஏகாம்பரம். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஐரோப்பாவில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்குப் பட்டாளத்திலிருந்து கப்பலேறிப் போய், ஐயாயிரம் மீட்டர் ஓடியவர். அவரைப் பற்றிய குறிப்பைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு அனுப்பும்படி மூன்று முறை தபாலில் அனுப்பினேன். மூன்று முறையும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. ‘பாதியில் விலகினார்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் மையால் அடித்திருந்தார். போட்டியின் முடிவுப் பட்டியலிலேயே அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய? திங்கள் காலை மலர் அச்சுக்குப் போகிறது. கையெழுத்து வராத ஆளின் பெயர் மலரில் வராது என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “நேர்ல போய் வாங்கிட்டு வாப்பா” என்றார். ஞாயிறு போயிற்று.

மாம்பலத்தில் 8.10 மின்சார ரயில், தாம்பரத்தில் 8.40. அதுவரை எல்லாம் சரி. ஒரகடம் வழியாகப் போகிற பஸ் வந்தது 10.05-க்கு. உள்ளே காலை வைக்க இடமில்லை. காவடி, பால்குடம், மொட்டை போட்ட குழந்தைகள். அன்று கிருத்திகை என்று எனக்குத் தெரியாது. பஞ்சாங்கம் பார்த்துப் பயணம் போகிற வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டிக்கெட் தொண்ணூறு பைசா. சேரப்பணஞ்சேரி வந்ததும் சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை சொல்லி வைத்தேன். படப்பை தாண்டி ரொம்ப நேரமாகிறதே என்று மூன்றாம் தடவை கேட்டேன்.

“அது அப்பவே பூட்ச்சே சார். இந்தக் கூட்டத்துல உங்கள எங்கன்னு தேடறது?”

ஒரகடம் கூட்டுச்சாலையில் இறங்கி வந்த வழியே நடந்தேன். ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. இப்போது அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு என்னைத் திட்டப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், அன்று அந்தச் சாலையில் மாட்டிக்கொள்ள ஒரு வண்டிகூட இல்லை. நிழலும் இல்லை.

சேரப்பணஞ்சேரியில் ‘பட்டாளத்தார் வூடு’ என்று கேட்டதும் கை காட்டினார்கள். மணி 12.20. வாசலில் ஏகாம்பரத்தின் மனைவி புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“கிருத்திகைன்னா அவரு வூட்ல இருப்பாரா? சைக்கிள எடுத்துக்கினு கோட்டைக்குப் பூட்டாரு. காலண்டர் பாக்கலியா நீங்க?”

கோட்டை என்றால் வல்லக்கோட்டை. ஒரகடத்தையும் தாண்டி நாலு கிலோமீட்டர். நான் காலையில் பஸ்ஸைவிட்டு இறங்காமலே இருந்திருந்தால் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்தக் கண்டக்டர் செய்தது உபகாரம்தான், எனக்குத்தான் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

அந்தம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துக்கொண்டே, ஒரு கையெழுத்துக்கு இத்தனை பிடிவாதம் எதற்கம்மா என்று கேட்டுவிட்டேன்.

“பாதியில நின்னுட்டாருன்னு எழுதிக்கீறீங்க. அதுக்கு அவரே கையெழுத்துப் போடணுமா? கப்பல்ல போயி பாதியில நின்ன ஆளுன்னு இந்த ஊர்ல சொல்லாத வாயி கெடயாது. நான் கல்யாணமாயி வந்த நாளா கேட்டுக்கினு கீறேன். இப்ப புஸ்தகத்துல வேற போடப் போறீங்க.”

சொம்பை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

2.20-க்கு ஒரகடம் பஸ். அங்கிருந்து வல்லக்கோட்டைக்கு நடை. கோயிலில் 3.50. கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஏகாம்பரம் 4.30-க்குத்தான் பிராகாரம் சுற்ற ஆரம்பித்தார். ஒல்லியான ஆள், அறுபத்தைந்துக்கு மேலிருக்கும், இடது கை முஷ்டி மூடியிருந்தது. காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“பன்னெண்டு சுத்து வேண்டுதல் தம்பி. நடுவுல நிக்கக் கூடாது. பேசணும்னா கூட வாங்க.”

சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் தரை. செருப்பு வெளியே. நான் குதித்துக் குதித்து நடந்தேன், அவர் பாட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு சுற்றும் கொடிமரத்தடியில் முடியும்போது முஷ்டியிலிருந்து ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு, கும்பிட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போனார். அங்கே பேச மாட்டார். கொடிமரம் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்.

“பட்டாளத்துல சேர்றதுக்கு மின்னாடி இந்தக் கோயிலச் சுத்தித்தான் ஓடுவேன். அங்க போனா எடப்பக்கமா ஓடச் சொல்றாங்க. வலம் வந்தே பழகுன காலு, வளைவுல வரவே மாட்டேன்னுது.”

ஐயாயிரம் மீட்டர் என்றால் முதலில் அரைச் சுற்று, பிறகு பன்னிரண்டு. அன்றும் பன்னிரண்டு புளியங்கொட்டைதான். ஊரிலிருந்து துணியில் முடிந்து கொண்டுபோனது.

“எல்லாரும் முடிச்சிட்டாங்க. எங்கைல ஒண்ணு மீதி. கோட்டு போட்ட ஒருத்தரு குறுக்க வந்து கைய நீட்டி, போதும்னாரு. பின்னாலயே அடுத்த போட்டிக்குத் தடுப்புங்களத் தூக்கினு வராங்க. கொட்டையக் காமிச்சேன். சிரிச்சாரு. நான் வெளி ஓரமாச் சுத்திக்கினு ஓடி வந்தேன். வந்து பாத்தா நாடாவும் இல்ல, எழுதறவங்களும் இல்ல. கோட்டத் தாண்டினேன். யாரும் பாக்கல.”

“சாட்சி யாராவது இருக்காங்களா ஐயா?”

“கூட வந்த ஆபீசரு டீ குடிக்கப் பூட்டாரு.”

பிறகு நான் என்னத்தை எழுதுவது? வாய்விட்டே கேட்டேன். அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன். தாம்பரம் போகும் கடைசி பஸ் 5.45. மணி 5.35. பன்னிரண்டு ஆயிற்று, கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் முஷ்டியைத் திறந்தார். ஒரு கொட்டை இருந்தது.

“பதினொண்ணுதான் தம்பி. தண்ணி குடிக்கப் போயிட்டு குறுக்கால வந்து சேந்தீங்க. அதயும் ஒண்ணுன்னு எண்ணிட்டீங்க.”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. எனக்கு வந்த கோபத்தில், “போதும் ஐயா, சாமி ஒண்ணும் எண்ணிட்டிருக்கலை” என்று குறுக்கே போய்க் கையை நீட்டி மறித்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். ஒதுங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு, மதிலோரமாக நடந்து போனார்.

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வெட்கமாக இருந்தது. பஸ் புறப்படுகிற சத்தம் கேட்டது, நான் போகவில்லை. கொடிமரத்தடியில் போய் நின்று, அவர் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். கடைசிக் கொட்டையைப் போட்டார். தட்டச்சு செய்திருந்ததை அடித்துவிட்டு ‘ஓட்டத்தை முடித்தார்’ என்று என் கையால் எழுதி நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, காகிதத்தை முழங்காலில் வைத்து, ஏகாம்பரம் என்று நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். படப்பை வரை கரும்பு லாரியில் வந்தேன், இரண்டு ரூபாய்.

இனி போகிறவர்களுக்கு: கிருத்திகையன்று போகாதீர்கள். போயே ஆகவேண்டுமென்றால் காலை ஏழுக்குள் பிராகாரத்தைச் சுற்றி முடித்துவிடுங்கள், அதற்குமேல் கல் சுடும். எண்ணிக்கைக்குக் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், கூட வருகிறவரை நம்பாதீர்கள். பஸ் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுகிறார்கள், அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை செயலாளர் திருத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“முடிச்சார்னு யாருய்யா பாத்தது?”

“நான் பாத்தேன் சார்.”

என்னையும் என் வயதையும் பார்த்தார். அச்சகத்து ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். “என்னமோ பண்ணித் தொலை” என்று காகிதத்தைத் தள்ளிவிட்டார். அப்படியே அச்சானது. மலரின் ஒரு பிரதியை சேரப்பணஞ்சேரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை நாலாம் நாளே திரும்பி வந்தது, கையெழுத்தோடு.