சாரலில் வந்த கருகல்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த இரண்டாம் வருஷம், சுந்தரபாண்டியபுரத்தில் எங்கள் வயலில் தக்காளி போட்டேன். குற்றாலச் சீசன். நான்கு நாளாகச் சாரல் விடவில்லை. காய்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

ஐந்தாம் நாள் காலையில் என் மனைவி வயலிலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, இங்கன வந்து இந்த இலையப் பாருங்க."

வெந்நீர் பட்டதுபோல் இலையோரம் கருத்திருந்தது. திருப்பினால் அடியில் வெள்ளைப் பூஞ்சை. பஞ்சாபில் எங்கள் முகாமை ஒட்டியிருந்த உருளைக்கிழங்கு வயலில் இதைப் பார்த்திருக்கிறேன். பனிமூட்டம் விலகாத ஒரே வாரத்தில் வயல் முழுக்கக் கருகி, தோண்டிய கிழங்கெல்லாம் அழுகி நாறியது. இது தக்காளியையும் விடாது என்று அந்த விவசாயி சொல்லியிருந்தார்.

"அடுத்த வயல் அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. காத்துல பரவிரும்லா," என்றாள் மனைவி.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவரோடு பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. சொன்னால் பழி என்மேல் விழும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வரப்பிலேயே வெகுநேரம் நின்றேன். பிறகு போனேன்.

"அண்ணாச்சி, என் தக்காளியில கருகல் விழுந்துட்டு. ஒங்க தக்காளிக்கு இன்னும் வரல. இன்னைக்கே மருந்தடிச்சிருங்க. நான் என் செடியப் பிடுங்கிப் புதைச்சிருதேன்."

"முழுசையுமா?"

"பாதிக்கு மேல பிடிச்சிட்டு. விட்டா ஒங்களுக்கும் வரும்."

மதியம் மழை விட்டதும் அண்ணாச்சி மருந்தடித்தார். நாங்கள் பிடுங்கத் தொடங்கினோம். காயோடு செடியை இழுக்கும்போது மனைவி அழுதாள். கை மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்தபோது அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்து, நான் வெட்டிய குழியில் இறங்கினார்.

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்?"

"இந்த ஆழம் பத்தாது வே. தள்ளி நில்லும்."

இருட்டும்வரை வெட்டினார்.

அவர் வயலில் ஓரத்து இரண்டு வரிசைதான் போயிற்று. என் வயலில் உளுந்து விதைத்தேன். விதை அவர் கொடுத்தது. இந்த வருஷம் மறுபடி தக்காளி போட்டிருக்கிறேன். காற்று நுழையட்டும் என்று இடம்விட்டு நட்டு, செடியைக் குச்சியில் கட்டியிருக்கிறேன். காலையில் அவரவர் வயலில் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போவோம்.

"ஒம்ம பக்கம் எப்படி இருக்கு வே?" என்று சத்தம் கொடுப்பார்.

"சுத்தமா இருக்கு அண்ணாச்சி!"