அர்பாபின் ஆப்பிள் விறகு

பேசிக்கொண்டே கிளைக்குள் கையை விட்டு, சுருங்கிக் கறுத்துப்போன ஆப்பிள் ஒன்றைத் திருகி எடுத்தான் வைரவன். காதில் போன். மறுமுனையில், முதுகுளத்தூரில், மனைவி பானுமதி.

"ஆப்பிள் மரத்துல பூரிக்கட்டைன்னு தெரு பூராச் சொல்லிட்டேன். எப்பக் கொண்டாறீக?"

"இங்க வெட்டுன கிளையிலதான் இழைச்சு முடிச்சாச்சு. லீவுக்கு வாறப்ப வந்துரும். இரு, இங்க ஒரு சீக்குப் பழம்."

அதைக் கீழே போடமாட்டான். அழுகல் நோய்ப் பூசணம் காய்ந்த பழத்திலும் பட்ட கிளையிலும் பதுங்கிக் கிடந்து, மழை தூறினால் பக்கத்து மரத்துக்குத் தாவும். ஆகவே இடுப்பில் ஒரு சுருக்குப் பை. மரத்துக்கு மரம் கத்தரியை ஸ்பிரிட்டில் வேறு துடைப்பான். "ஆஸ்பத்திரி நர்ஸு தோத்துப் போகணும்" என்பான் அறைத்தோழன் சேதுமாதவன்.

ஓமானில், ஜபல் அக்தர் மலைமேல் இருக்கிறது இந்த இயற்கைத் தோட்டம். போன வருஷம் பாதிப் பழம் அழுகிப்போனது. இந்த வருஷமும் அழுகினால் ரசாயன மருந்துதான் என்று அர்பாப், அதாவது முதலாளி, சொல்லிவிட்டார். ஊரில் பருத்திக்கு மருந்தடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன் வைரவன். அந்த வாடை பட்டாலே மூச்சு இரைக்கும். மருந்து உள்ளே வந்தால் அவன் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவு பார்த்தும் மேல்வரிசை இலைகளில் மறுபடி அதே நோயின் புள்ளி! பாவி மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. விறகை வீணாக்கலாமா என்று, வெட்டிய சீக்குக் கிளைகளையெல்லாம் அர்பாப் வெள்ளிக்கிழமை கறி சுடும் இடத்தில் அழகாக அடுக்கி வைத்தவனே அவன்தான். அந்த இடத்தை ஒட்டித்தான் மேல்வரிசை.

"கத்தரியக் கழுவி என்ன? கள்ளனக் கூப்புட்டுக் குடி வச்சிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

கறி சுடும் இடத்தில் நின்ற அர்பாபிடம் போய், எல்லாவற்றையும் இன்றைக்கே எரிக்க வேண்டும் என்று தெரிந்த இந்தியில் சொன்னான்.

"லா, லா! இந்த விறகு இல்லாம கறியா?" என்று அரபியும் இந்தியும் கலந்து மறித்தார் அர்பாப். அந்தப் புகை வாசத்தைப் பற்றி விருந்தாளிகளிடம் அப்படிப் பெருமையடித்து வைத்திருந்தார், பாவம்.

வைரவன் விறுவிறுவென்று அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"அடேய், அது பட்டை உரிச்சதுடா! அதுல என்ன சீக்கு?" என்று சேதுமாதவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"என் கட்டைய ஒளிச்சு வச்சுக்கிட்டு அவரு விறகுல கை வைக்கவா?"

பூரிக்கட்டையை அடுக்கின் உச்சியில் வைத்தான். பிறகு அர்பாபைப் பார்த்து, லைட்டருக்காகக் கையை நீட்டினான்.